சந்தேகங்களுக்கு விளக்கம்: மோட்லியின் தன்வரலாற்றில் ஏன் இத்தனை வாய்தா?

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். மத்ததெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம். இந்தக் கேள்வி மனசுல உக்காந்துடுச்சு, அதுக்குப் பதில் சொல்லாம நகர முடியலை.

கேட்டவங்க ஒரு சட்டக் கல்லூரி மாணவி. "கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியோட தன்வரலாற்றைப் படிக்கச் சொன்னீங்க. தேடி வாங்கிப் படிச்சேன். ஏமாற்றமா இருந்தது. அமெரிக்காவுல மத்திய நீதிபதியான முதல் கறுப்பினப் பெண், எவ்வளவோ அவமானம் பட்டிருப்பாங்க. ஆனா புத்தகத்துல அழுகையும் இல்ல, கோபமும் இல்ல. கேஸ் கேஸா போகுது. மிசிசிப்பி பகுதியில போறாங்க, வாய்தா, திரும்பறாங்க, மறுபடி போறாங்க, மறுபடி வாய்தா. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் எழுதின தன்வரலாறு எவ்வளவு நெருக்கமா இருக்கு! இவங்க ஏன் அப்படி எழுதலை?" இதுதான் கேள்வி.

நல்ல கேள்விம்மா. இந்தப் புத்தகத்தைப் படிச்ச பலருக்கும் இதே குறை உண்டு. ஆனா உங்களுக்கு எது அலுப்பா இருந்ததோ, அந்த வாய்தாக்கள், அதுதான் இந்தப் புத்தகத்தோட உயிர். கோபம் இல்லைன்னு சொல்றீங்க. கோபம் பூரா தேதியில இருக்கு.

புதுசா பாக்கறவங்களுக்காக ரெண்டு வார்த்தை. மோட்லி 1921 செப்டம்பர் 14 அன்னிக்கு, கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் நகரத்துல பிறந்தாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் மேற்கிந்தியத் தீவுகள்ல நெவிஸ்ங்கற சின்னத் தீவுல இருந்து வந்தவங்க. 12 பிள்ளைகள்ல இவங்க ஒன்பதாவது. அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமையல்காரர். பள்ளிக்கூடம் முடிச்சதும் மேல படிக்க வைக்க வீட்டுல பணம் இல்லை.

அப்ப நடந்ததை முன்னாடி ஒரு பேச்சுல சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்றேன். அந்த ஊர்ல கறுப்பின மக்களுக்காக ஒரு சமூகக் கூடம் கட்டியிருந்தாங்க. கட்டக் காசு கொடுத்தவர்கள்ல முக்கியமானவர் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லிங்கற வெள்ளைக்காரத் தொழிலதிபர். கட்டிடம் நல்லா இருக்கு, ஜனங்க வரமாட்டேங்கறாங்க, ஏன்னு விசாரிக்க ஒரு கூட்டம் போட்டாங்க. இந்தப் பொண்ணு எழுந்து, நிர்வாகத்துல எங்க ஆளுங்களுக்கு இடம் இல்லை, அதை நடத்தறதுல எங்களுக்கு எந்தப் பேச்சும் இல்லை, அதனாலதான் யாரும் இதைத் தங்களோடதா நினைக்கலைன்னு சொல்லிடுச்சு. பிளேக்ஸ்லி அடுத்து அவங்களைக் கூப்பிட்டு, உன் படிப்புச் செலவை நான் ஏத்துக்கறேன்னு சொல்லிட்டார். அப்படித்தான் முதல்ல ஃபிஸ்க் பல்கலைக்கழகம், அப்புறம் நியூயார்க் பல்கலைக்கழகம், 1946ல கொலம்பியா சட்டக் கல்லூரிப் பட்டம்.

இதுல அவங்க சொன்ன பதிலைப் பாருங்க. எங்களை அவமானப்படுத்தறீங்கன்னு சொல்லலை. நிர்வாகக் குழுவுல யார் இருக்காங்க, முடிவு யார் கையில இருக்குன்னு நேரா அங்க போயிட்டாங்க. பதினெட்டு வயசுப் பொண்ணு கூட்டத்துல பேசினதும், எழுபது தாண்டின நீதிபதி புத்தகம் எழுதினதும் ஒரே மனசுதான்.

1945ல, படிப்பு முடியறதுக்கு முன்னாடியே, துர்குட் மார்ஷல் அவங்களை வேலைக்கு எடுத்துக்கிட்டார். அவர் தலைமையில இருந்த என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம்தான், கறுப்பின மக்களுக்காக இனப் பிரிவினைச் சட்டங்களை ஒவ்வொண்ணா நீதிமன்றத்துல உடைச்ச அமைப்பு. பிரவுன் வழக்கு தெரியும் இல்லையா, 1954ல பள்ளிக்கூடப் பிரிவினை செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த வழக்கு. அதோட முதல் மனு வரைவு மோட்லியோட மேசையில உருவானது. அப்புறம் உச்ச நீதிமன்றத்துல நேரா நின்னு வாதாடின முதல் கறுப்பினப் பெண். பத்து வழக்கு, ஒன்பதுல ஜெயிச்சாங்க. பத்தாவதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

சரி, மிசிசிப்பிக்கு வரேன். ஒரு நோட்டு எடுத்துக்கங்க. பக்கத்தை மூணா பிரிங்க. முதல்ல, மாணவர் விண்ணப்பம் போட்ட தேதி. நடுவுல, கோர்ட்டு உத்தரவு வந்த தேதி. மூணாவதுல, அந்த மாணவர் வகுப்புல போய் உக்காந்த தேதி. புத்தகத்துல வர்ற ஒவ்வொரு வழக்குக்கும் இதை எழுதுங்க. இதை முன்னாடியும் சொன்னேன், இன்னிக்கு ஒரு வழக்கை வெச்சு நானே செஞ்சு காட்டறேன்.

ஜேம்ஸ் மெரிடித். விமானப் படையில ஒன்பது வருஷம் வேலை பாத்துட்டு வந்தவர். ஜாக்சன் ஊர்ல கறுப்பினத்தவருக்கான கல்லூரியில படிச்சிட்டிருந்தார். மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் கேட்டு 1961 ஜனவரி 31 தேதியிட்டு விண்ணப்பம் அனுப்பறார். தான் கறுப்பினத்தவர்னு அவரே எழுதி, போட்டோவும் வெச்சு அனுப்பறார். பிப்ரவரி 4, ரிஜிஸ்ட்ரார்கிட்ட இருந்து தந்தி வருது. ஜனவரி 25க்கு அப்புறம் வந்த விண்ணப்பம் பரிசீலிக்கப்படாதுன்னு. அவர் விடலை, அடுத்த பருவத்துக்குச் சேர்த்துக்கங்கன்னு எழுதறார். மே 25 நிராகரிப்புக் கடிதம். ரெண்டு காரணம். நீ படிக்கற கல்லூரி அங்கீகாரச் சங்கத்துல உறுப்பினர் இல்லை. உன் பரிந்துரைக் கடிதங்கள் சரியில்லை.

இந்த ரெண்டையும் மோட்லி எப்படிக் கையாளறாங்கன்னு பாருங்க. பரிந்துரைக் கடிதம்னா என்ன? உங்க மாவட்டத்துல இருக்கற, அந்தப் பல்கலைக்கழகத்துல படிச்ச முன்னாள் மாணவர் ஐஞ்சு பேர்கிட்ட சான்று வாங்கணும். படிச்சுப் பாத்தா இனம் பாக்காத விதி மாதிரித்தான் இருக்கும். ஆனா முன்னாள் மாணவர் அத்தனை பேரும் வெள்ளையர். 1961 மிசிசிப்பியில எந்த வெள்ளையர் ஒரு கறுப்பினத்தவருக்குக் கையெழுத்துப் போட்டுட்டு ஊர்ல இருக்க முடியும்? மெரிடித் ஐஞ்சு கறுப்பினப் பெரியவங்ககிட்ட வாங்கி அனுப்பினார், செல்லாதுன்னுட்டாங்க. இந்த விதியைக் கறுப்பின மாணவர்கள் மேல பிரயோகிக்கறது அரசியலமைப்புக்கு விரோதம்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னாடி சொல்லிடுச்சு. அடுத்தது அங்கீகாரம். அந்த விதியை எப்பக் கொண்டு வந்தாங்கன்னு தேடினா, விண்ணப்பம் வந்த பிறகு, பிப்ரவரியிலயும் மே மாசத்துலயும் இறுக்கியிருக்காங்க. விதியோட தேதி விண்ணப்பத்தோட தேதிக்குப் பின்னாடி நிக்குது. அதுக்கு மேல வாதமே வேண்டாம். தேதியைப் பாருங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான்.

சட்டம் படிக்கறவங்க இங்க ஒண்ணு கத்துக்கணும். மறுப்புக்கான காரணத்தை எழுத்துல வாங்கற வரைக்கும் வழக்குப் போடக் கூடாது. வாய்ச்சொல்லா இருந்தா நாளைக்கு வேற காரணம் சொல்லுவாங்க. எழுத்துல இருந்தாலும் மாத்துவாங்க, ஆனா மாத்தினது தெரியும். இந்த வழக்குல அதுதான் நடந்தது. முதல்ல தாமதம்னாங்க. அப்புறம் அங்கீகாரம். விசாரணை வந்தப்போ, இவர் வம்புக்காரர், மனநிலை சரியில்லை, படையில இருந்தப்ப டைப்ரைட்டர் வாங்கினதுல தப்பு இருக்கு, வாக்காளர் பதிவுல பொய் சொன்னார்னு புதுசு புதுசா வந்தது. காரணம் இப்படி வளர்ந்துகிட்டே போனதே, முதல்ல சொன்னது காரணமே இல்லைங்கறதுக்குச் சாட்சியாயிடுச்சு.

மே 31, 1961. வழக்குத் தாக்கல். மெரிடித் ஒருத்தருக்காக மட்டும் இல்லை, அவரை மாதிரி நிலைமையில இருக்கற எல்லாருக்காகவும். நாளைக்கு வாதி ஒருத்தர் மனசு மாறினாலும், மிரட்டலுக்குப் பயந்து விலகினாலும், பிரச்சினை அவரோட முடிஞ்சிடக் கூடாது. கூடவே இடைக்கால உத்தரவு கேட்டு மனு. முழு விசாரணை முடிய வருஷமாகும், அதுக்குள்ள படிப்பே போயிடும், அதனால இப்பவே சேர்க்கச் சொல்லுங்கன்னு.

ஜூன் 12 விசாரணை. அன்னிக்கே நிறுத்தி, நீதிபதிக்கு வேற வழக்கு இருக்குன்னு ஜூலைக்குத் தள்ளறாங்க. ஜூலையில அரசுத் தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஆகஸ்ட். ஆகஸ்ட்ல விசாரணை முடியுது. தீர்ப்பு எப்ப? டிசம்பர் 12. இடைக்கால உத்தரவு கிடையாதுன்னு. அவசரம்னு போட்ட மனுவுக்கு ஆறு மாசம் கழிச்சு பதில். பந்தி முடிஞ்சு எல்லாரும் எழுந்து போன பிறகு, இலை இல்லைன்னு வந்து சொல்ற மாதிரி. கோடைப் பருவம் ரெண்டும் போச்சு, செப்டம்பர் பருவமும் போச்சு.

இடையில இன்னொரு ஆபத்து. மெரிடித் சும்மா இருக்க முடியாது, ஜாக்சன் கல்லூரியில படிச்சிட்டே இருக்கார். அங்க பட்டம் வாங்கிட்டார்னா, மாற்றல் கேக்கறதுக்கே அர்த்தம் இல்லாம வழக்கு தானாச் செத்துப் போயிடும். எதிர்த்தரப்பு அதை வாதத்துல தோக்கடிக்க வேண்டியதே இல்லை, நாளைக் கடத்தினாப் போதும். மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி எல்பர்ட் டட்டில் இந்த ஆபத்தைத் தனியா எழுதி எச்சரிச்சார். மத்த ரெண்டு நீதிபதிகள், பட்டம் முடியாதபடி பாடத்தைத் தேர்ந்தெடுத்துக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஒரு மனுஷன் தன் படிப்பை முடிச்சிடாமப் பாத்துக்கிட்டு நீதிக்காகக் காத்திருக்கணும். இதை மோட்லி புலம்பலா எழுதலை. அந்த உத்தரவு என்ன சொல்லுதோ அதைச் சொல்லிட்டு நகர்றாங்க. உங்களுக்கு அலுப்பா இருந்த பக்கம் இதுதான். திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

1962 ஜனவரி 12. மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு விசாரணையை உடனே நடத்தச் சொல்லுது. கூடவே ஒரு பெரிய காரியம் செய்யுது. மிசிசிப்பியில கல்விக்கூடங்கள்ல இனப் பிரிவினைங்கற கொள்கை இருக்குன்னு நாங்களே கவனத்துல எடுத்துக்கறோம், அதுக்குத் தனியா சாட்சியம் வேண்டியதில்லைன்னு எழுதுது. ஏன் இது பெரிசு? பல்கலைக்கழக அதிகாரிகள் ஒவ்வொருத்தரா கூண்டுல ஏறி, அப்படி ஒரு கொள்கை இருக்கறதே எங்களுக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணாங்க. ஊரே அறிஞ்ச விஷயத்தை நிரூபின்னு கேட்டு ஒரு வக்கீலை மாசக்கணக்கா ஓட வைக்கலாம். அந்த வழி அடைபட்டுச்சு.

ஆனாலும் பிப்ரவரி 3, கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. மறுபடி அப்பீல். ஜூன் 25, 1962, நீதிபதி ஜான் மைனர் விஸ்டம் எழுதின தீர்ப்பு. கறுப்பினத்தவர்ங்கற ஒரே காரணத்துக்காகத்தான் மெரிடித்தை மறுத்தாங்க, அவர் யார்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து திட்டம் போட்டு இழுத்தடிச்சாங்கன்னு தெளிவா சொல்லுது. அந்தத் தீர்ப்பை முழுசாப் படிங்க. மோட்லி ஒவ்வொரு வாய்தாவையும் பதிவுல ஏத்தினது எதுக்குன்னு அப்பப் புரியும். நீதிபதி இழுத்தடிப்புன்னு எழுதணும்னா, இழுத்த ஒவ்வொரு நாளும் கேஸ் கட்டுல இருக்கணும்.

ஜெயிச்சாச்சு, முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. இல்லை. அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துல பென் கேமரன்னு ஒரு நீதிபதி. இந்த வழக்கைக் கேட்ட அமர்வுல அவர் இல்லவே இல்லை. ஜூலை 18, அவர் ஸ்டே கொடுக்கறார். அமர்வு அதை ரத்து பண்ணுது. மறுபடி ஸ்டே. மறுபடி ரத்து. மொத்தம் நாலு தடவை! செப்டம்பர் பருவம் நெருங்குது. உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில இருக்கு. மோட்லி அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான உச்ச நீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக்கிட்ட போறாங்க. பிளாக் யாரு? அலபாமாக்காரர், தெற்கத்தியர். அவர் மத்த நீதிபதிகளையும் கலந்துக்கிட்டு, செப்டம்பர் 10 அன்னிக்கு எல்லா ஸ்டேயையும் நீக்கறார்.

அப்புறம் நடந்தது எல்லா வரலாற்றுப் புத்தகத்துலயும் இருக்கு. கவர்னர் ராஸ் பார்னெட் தானே ரிஜிஸ்ட்ராராகி, வாசல்ல நின்னு மறுக்கறார். நீதிமன்ற அவமதிப்பு, நாளுக்கு 10,000 டாலர் அபராதம்னு உத்தரவு. செப்டம்பர் 30 ராத்திரி கலவரம், ரெண்டு பேர் சாவு, ஆயிரக்கணக்குல ராணுவம். அக்டோபர் 1, 1962, மெரிடித் வகுப்புல உக்காந்தார். சினிமாக்காரங்களுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் அந்த ஒரு ராத்திரி போதும். மோட்லியோட கணக்கு வேற. விண்ணப்பத்துல இருந்து இருக்கை வரைக்கும் இருபது மாசம், அவங்க மிசிசிப்பிக்குப் போன பயணம் 22. நோட்டுல எழுதிக்கிட்டீங்களா?

அந்தப் பயணங்களைப் பத்தியும் சொல்லணும். ஓட்டல்ல ரூம் கிடையாது, சாப்பாட்டுக் கடையில இடம் கிடையாது. உள்ளூர்க் கறுப்பினக் குடும்பங்க வீட்டுலதான் தங்கணும். அலபாமாவுல தங்கின வீட்டுக்குத் துப்பாக்கியோட ஆளுங்க காவல். எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவங்களை மிஸஸ் மோட்லின்னு கூப்பிடக் கூட மாட்டாங்க. மிசிசிப்பியில அவங்களைக் கார்ல கூட்டிட்டுப் போனவர்கள்ல ஒருத்தர் மெட்கர் எவர்ஸ், அந்த மாநிலத்து என்.ஏ.ஏ.சி.பி. செயலாளர். ஒரு நாள் போலீஸ் வண்டி பின்னாடியே வருது. திரும்பிப் பாக்காதீங்க, கையில இருக்கற வழக்குக் குறிப்பை நியூஸ் பேப்பருக்குள்ள மறைச்சு வெச்சுக்கங்கன்னு எவர்ஸ் சொல்றார். 1963 ஜூன் 12, அவரை அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க. இந்த மனுஷங்களுக்கு நடுவுலதான் அவங்க வாய்தா தேதியைக் குறிச்சுக்கிட்டு இருந்தாங்க. உணர்ச்சி இல்லாதவங்க இல்லம்மா அவங்க. கூண்டுல இருக்கற ரிஜிஸ்ட்ராரை அடுத்த கேள்வி கேக்கணும்னா கை நடுங்கக் கூடாது. அந்தப் பழக்கம் புத்தகம் எழுதறப்பவும் போகலை.

இதே நோட்டுல எதிர்ப்பக்கத்துல அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரத்தை எழுதுங்க. 1963 மே. இனப் பிரிவினைக்கு எதிரான ஊர்வலத்துல கலந்துக்கிட்ட பிள்ளைங்க 1,081 பேரைப் பள்ளிக்கூட வருஷம் முடியப் போற சமயத்துல வெளிய அனுப்பிட்டாங்க. மே 20 அந்த முடிவு. மே 22 கீழ் நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதே நாள் அட்லாண்டாவுல நீதிபதி டட்டில்கிட்ட போய், அன்னிக்கே அத்தனை பிள்ளைங்களையும் திரும்பச் சேர்க்க உத்தரவு வாங்கிட்டாங்க. ரெண்டு நாள்! சட்டம் அதே சட்டம், மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே நீதிமன்றம். நேரத்தை யார் கையில வெச்சிருக்காங்கங்கறது மட்டும்தான் மாறுது. உரிமைன்னா அது இப்பவே, ஆற அமரக் கொடுக்கறது இல்லைன்னு மெம்ஃபிஸ் நகரப் பூங்கா வழக்குல உச்ச நீதிமன்றம் 1963ல சொன்னது. அந்த வழக்கை வாதாடினதும் இவங்கதான்.

இப்ப, யாரும் கேக்காத ஒரு கேள்வி இருக்கு. எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம். இப்படி இழுத்தடிப்புல பதினஞ்சு இருபது வருஷம் அடிபட்ட வக்கீல், நாற்காலியில உக்காந்தப்ப என்ன பண்ணாங்க?

முதல்ல நாற்காலியே இழுத்தடிச்சுத்தான் வந்தது. 1966 ஜனவரியில ஜனாதிபதி ஜான்சன் நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் பேர் கொடுக்கறார். செனட் நீதிக்குழுத் தலைவர் யாரு? மிசிசிப்பிக்காரர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். கம்யூனிஸ்ட் தொடர்புன்னு குற்றம் சாட்டி, ஏழு மாசம் நிறுத்தி வெச்சார். ஆகஸ்ட் 30தான் ஒப்புதல். இதையும் நோட்டுல எழுதலாம்.

நாற்காலிக்கு வந்த பிறகு அவங்க கொடுத்த உத்தரவுகளைப் பாருங்க. மார்ட்டின் சோஸ்ட்ரேன்னு ஒரு கைதி, ஒரு வருஷத்துக்கு மேல தனிச்சிறை. 1970ல தீர்ப்பு. சிறைக் கொடுமை தப்புன்னு பொதுவா சொல்லிட்டு விடலை. 372 நாள்னு எண்ணி, நாளுக்கு 25 டாலர் இழப்பீடு, 10 டாலர் தண்டனைத் தொகை, ஆக 13,020 டாலர்னு கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க. மேல்முறையீட்டுல ஒரு பகுதியைக் குறைச்சாங்க, அது வேற. ஆனா கைதியோட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டுன்னு ஒரு நீதிபதி எழுதினாங்க இல்லையா, அது சும்மா வந்ததில்ல. மெரிடித்தோட நாட்களை எண்ணின கை அது.

1977ல பேஸ்பால் இறுதித் தொடர் நடக்குது. மெலிசா லட்கிங்கற பெண் நிருபரை யாங்கி ஸ்டேடியத்துல வீரர்கள் உடை மாத்தற அறைக்குள்ள விடலை. ஆண் நிருபர்கள் எல்லாரும் உள்ள போய்ப் பேட்டி எடுக்கறாங்க. 1978 செப்டம்பர்ல மோட்லி தீர்ப்பு. முதல் தடை, தனியார் விளையாட்டு அமைப்பு மேல அரசியலமைப்புச் சட்டம் பாயுமா? அந்த ஸ்டேடியம் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம், குத்தகைக்கு விட்டிருக்காங்க, பொதுப் பணத்துல புதுப்பிச்சிருக்காங்க, அதனால பாயும். அடுத்து, வீரர்களோட அந்தரங்கம்? திரைச்சீலை போடுங்க, துண்டு கட்டிக்கட்டும், பெண்களை அடியோட தடுக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு நாளைக்கு இதை நடைமுறைப்படுத்த முடியாதுன்னு வந்து வாய்தா கேக்க வழியே இல்லை. எப்படிச் செய்யலாம்னு தீர்ப்புலயே இருக்கு.

இன்னொண்ணு. ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுக்கறதுல பாகுபாடு காட்டுதுன்னு வழக்கு. நீங்க கறுப்பினப் பெண், பாகுபாட்டை அனுபவிச்சவங்க, அதனால நடுநிலை இருக்காது, விலகுங்கன்னு நிறுவனத் தரப்பு கேட்டது. 1975ல அவங்க கொடுத்த பதிலோட சாரம் இது: இனமும் பாலினமும் பின்னணியும் விலகறதுக்குக் காரணம்னா, இந்த நீதிமன்றத்துல எந்த நீதிபதியும் இந்த வழக்கைக் கேக்க முடியாது. ஏன்னா எல்லாருக்கும் ஒரு இனம் இருக்கு, ஒரு பாலினம் இருக்கு. வெள்ளை ஆணா இருக்கறதை மட்டும் எந்தப் பக்கமும் சாயாத நிலைன்னு எடுத்துக்கற பழக்கத்தை ஒரே பத்தியில உடைச்சாங்க. இன்னிக்கும் நீதிபதியை விலகச் சொல்ற மனுக்கள்ல இதை மேற்கோள் காட்டறாங்க.

ஜாக்சன் புத்தகத்தோட ஒப்பிட்டுக் கேட்டீங்க. ரெண்டும் வேற வேற காலத்துக் காரியம். ஜாக்சன் 2024ல எழுதினது. குடும்பம், கல்யாண வாழ்க்கை, பெண் பிள்ளைகளை வளர்த்தது எல்லாத்தையும் மனசு விட்டுச் சொல்றாங்க, அது நல்ல புத்தகம். உச்ச நீதிமன்றத்துல இடம் கிடைச்ச பிறகு ஒருத்தர் அப்படி எழுத முடியுது. மோட்லி புத்தகம் 1998, 'ஈக்வல் ஜஸ்டிஸ் அண்டர் லா'ங்கற பேர்ல. தனக்குப் பின்னாடி வர்ற வக்கீலுக்காக எழுதினது. ஜாக்சனே 2022 பிப்ரவரியில பேர் அறிவிக்கப்பட்ட அன்னிக்கு, மோட்லி பிறந்த அதே நாள்ல, 49 வருஷம் கழிச்சுத் தான் பிறந்ததை நினைவு கூர்ந்தாங்க. 2020 ஆகஸ்ட்ல கமலா ஹாரிஸ் பேச்சுல சித்தின்னு ஒரு சொல் வந்ததை நம்ம ஊர்ல எல்லாரும் கொண்டாடினாங்க. அதே பேச்சுல மோட்லி பேரும் வந்தது. அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை, எனக்கு அது வருத்தம்தான்.

கடைசியா அந்தப் பத்தாவது வழக்கு, தோத்தது. ஸ்வெயின் எதிர் அலபாமா, 1965. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஸ்வெயின்ங்கறவரோட வழக்கு. டல்லடெகா மாவட்டம். ஜூரியில சேரத் தகுதியுள்ள ஆண்கள்ல 26 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனா 1950 வாக்குல இருந்து ஒருத்தர் கூட விசாரணை ஜூரியில உக்காரலை. இந்த வழக்குல ஜூரிக்கு அழைச்சவங்கள்ல எட்டுப் பேர் கறுப்பினத்தவர், ரெண்டு பேருக்கு விலக்கு, மீதி ஆறு பேரையும் அரசு வக்கீல் காரணம் சொல்லாமலே நீக்கிட்டார். இவ்வளவு இருந்தும் ஏன் தோத்தது? பழைய வழக்குகள்ல ஆளை நீக்கினது அரசு வக்கீலா, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பா, எந்தச் சூழ்நிலையில, எத்தனை தடவைன்னு கேஸ் கட்டுல தெளிவா இல்லைன்னுட்டாங்க. வருஷக்கணக்குல நடந்த வழக்குகளோட குறிப்பை ஒரு மரண தண்டனைக் கைதி எங்க போய்ச் சேர்ப்பார்? அந்த முட்டுக்கட்டை 1986ல பேட்சன் வழக்குலதான் விலகுச்சு. தன்னோட ஒரு வழக்குல நடந்ததை வெச்சே குற்றம் சாட்டப்பட்டவர் கேள்வி எழுப்பலாம், அதுக்கப்புறம் இனம் சாராத காரணத்தை அரசு வக்கீல்தான் சொல்லணும்னு ஆச்சு. 1965ல இருந்து 1986, இருபத்தோரு வருஷம்.

நீங்க சட்டம் படிக்கறீங்க, அதனால ஒரு வேலை கொடுக்கறேன். ஸ்வெயின் தீர்ப்பையும் பேட்சன் தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. சாட்சியச் சுமை எந்த இடத்துல ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு மாறுதுன்னு கண்டுபிடிச்சு, அந்தப் பத்தியைக் குறிச்சு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் மத்த கேள்விகளோட அதையும் எடுத்துக்கலாம்.